நடுக்குவாதமும் டோபமைன் ஸ்கேனும்

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் வந்தவரின் மூளையைச் சாதாரண எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்த்தால் பெரும்பாலும் குறை ஏதும் தெரியாது. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதி உள்ளது. அதன் நரம்பணுக்கள் மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி வரை இழைகளை நீட்டி, அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அசைவைத் தொடங்கவும் அதன் வேகத்தைக் காக்கவும் இது தேவை. நடுக்குவாதத்தில் அழிவது இந்த இழைகள்தான்.

டோபமைனை உயிருள்ள மனித மூளையில் முதலில் படம்பிடித்துக் காட்டியவர்கள் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்னெட், ஃபர்னாவ், நாமியாஸ் ஆகியோர். 1983-இல் கதிரியக்க ஃப்ளூரோடோபாவைச் செலுத்தி, பெட் ஸ்கேன் மூலம் இதைச் செய்தனர். பின்னர் வந்த அயோஃப்ளூபேன் என்ற மருந்தும் ஸ்பெக்ட் கருவியும் சோதனையை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தன. ஐரோப்பாவில் 2000-இலும் அமெரிக்காவில் 2011-இலும் இதற்கு அனுமதி கிடைத்தது.

அயோஃப்ளூபேனில் கதிரியக்க அயோடின் இருப்பதால், தைராய்டைக் காக்க முன்கூட்டியே வேறொரு மருந்து தருவார்கள். ஊசி போட்டு 3 முதல் 6 மணி நேரத்துக்குள் படம் எடுக்கப்படும். அதுவரை தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும் என்பதில்லை, படம் எடுக்கும்போது மட்டும் அசையக் கூடாது. நடுக்கம் உள்ளவருக்கு அதுவே பெரும்பாடு. நலமான மூளையில் ஸ்ட்ரையேட்டம் எதிரெதிரே வைத்த இரண்டு காற்புள்ளிகள் போல ஒளிரும். நோயில் முதலில் வால் மறையும். ஸ்ட்ரையேட்டத்தில் வாலாகத் தெரியும் பியூட்டமென் என்ற பகுதியின் பின்புறம் முந்திப் பாதிக்கப்படுவதே காரணம். வலக்கையில் நடுக்கம் கூடுதலாக இருந்தால், படத்தில் மூளையின் இடப்பக்கம் அதிகம் மங்கியிருக்கும்.

எசென்ஷியல் ட்ரெமர் என்னும் பரவலான கைநடுக்கத்தில் படம் மாறாது. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளால் வரும் விறைப்பிலும் அப்படியே: அவை டோபமைன் ஏற்பிகளை அடைக்கின்றன, இழைகளை அழிப்பதில்லை. இந்தப் பாகுபாட்டுக்குத்தான் ஸ்கேன் உண்மையில் உதவுகிறது. நடுக்குவாதத்தை அதை ஒத்த பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ. நோய்களிலிருந்து இதனால் பிரிக்க முடியாது. அவற்றிலும் இழைகள் அழிவதால் படமும் ஒன்றுபோலிருக்கும்.

ஆராய்ச்சியில் பெட் தந்த வியப்பு வேறு. 2001-இல் வான்கூவரில் நடுக்குவாத நோயாளிகளுக்கு மருந்தென்ற எதிர்பார்ப்போடு வெறும் ஊசி போட்டபோதும், அவர்களின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் சுரந்தது. நம்பிக்கையின் பலன் கற்பனை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

நோயைக் கண்டறிய ஸ்கேன் கட்டாயமில்லை. அசைவு மந்தத்தையும் விறைப்பையும் நடுக்கத்தையும் மருத்துவர் நேரில் சோதித்தே முடிவு செய்கிறார். ஆனால் 2015-இல் பன்னாட்டு இயக்கக் கோளாறு சங்கம் வெளியிட்ட வரையறையின்படி, டோபமைன் ஸ்கேன் இயல்பாக இருந்தால் அது நடுக்குவாதம் அல்ல.