போக்காடு



பிறருடைய குற்றத்துக்குப் பழி சுமப்பவரை ஆங்கிலத்தில் ‘ஸ்கேப்கோட்’ என்பர். இச்சொல் வேதாகமத்தில் பிறந்தது. 1530இல் ஐந்தாகமங்களை எபிரெயத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட வில்லியம் டின்டேல், லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் வரும் ‘அசாசேல்’ என்பதை ‘விலகிச் செல்லும் ஆடு’ என்று கொண்டார். ‘எஸ்கேப்’ என்பதன் குறுக்கத்தோடு ‘கோட்’ என்பதை இணைத்துப் புதுச்சொல் ஆக்கினார். நம் தமிழ் வேதாகமம் அதைப் ‘போக்காடு’ என்கிறது.

பாவநிவிர்த்தி நாளில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் நிறுத்தப்பட்டன. சீட்டு விழுந்தபடி ஒன்று பலியாயிற்று. மற்றதன் தலைமேல் ஆரோன் தன் இரண்டு கைகளையும் வைத்து, இஸ்ரவேலின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை ஓர் ஆள்வசமாய் வனாந்தரத்துக்கு அனுப்பினான்.

இன்றோ அச்சொல்லின் பொருள் தலைகீழாயிற்று. அன்று குற்றம் தங்களுடையதென்று ஒப்புக்கொண்டே ஆட்டை அனுப்பினார்கள். நாமோ குற்றம் நம்முடையதல்ல என்று காட்டவே ஆளைத் தேடுகிறோம். வீட்டில் மருமகளையும், சபையில் எதிர்த்துப் பேசத் துணியாத எளியவரையும் கண்டுபிடிக்கிறோம். அறிக்கை போயிற்று, ஆடு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நம் அக்கிரமங்களைச் சுமந்து, நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டவர் ஒருவர் உண்டு. இன்னொருவர் தலைமேல் நாம் கைவைக்க வேண்டியதில்லை. இந்த வாரம் நம் குற்றத்தை நம் வாயாலேயே அறிக்கையிடுவோம். ஆமென்.