உயிரியல் நைத்திரேற்றாக்கத் தடை

மண்ணிலுள்ள அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும் நுண்ணுயிர்களைச் சில பயிர்களும் புற்களும் தம் வேர்க்கசிவுகளால் மட்டுப்படுத்துகின்றன. இதுவே உயிரியல் நைத்திரேற்றாக்கத் தடை. நேரேற்றமுள்ள அமோனியத்தைக் களித்துணிக்கைகள் பிடித்துவைத்துக்கொள்ளும். எதிரேற்றமுள்ள நைத்திரேற்று நீரோடு கீழிறங்கிவிடும். காற்றோட்டம் குறைந்த மண்ணில் அதன் ஒரு பகுதி நைதரசு ஒட்சைட்டு என்னும் பச்சைவீட்டு வாயுவாகவும் வெளியேறும்.

இவ்விழப்பின் விளைவு இலங்கையில் மிகத் தெளிவாகத் தெரிவது யாழ்ப்பாணக் குடாநாட்டில். வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண்ணின் கீழ் இருப்பது துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்கு இட்ட யூரியாவின் நைதரசன் அதனூடாக நிலத்தடி நீரைச் சேர்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்னும் உலக சுகாதார நிறுவன வரம்பை அங்குள்ள பல கிணறுகள் மீறியுள்ளன. மாட்டெருவின் நைதரசனும் இதே மாற்றத்துக்கு உட்படுவதால், உரத்தின் வகையை மாற்றுவது மட்டும் போதாது.

நைத்திரேற்றாக்கம் உயிர்களின் செயல் என்பதை 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் ஆகியோர் காட்டினர். குளோரோபோம் செலுத்தியதும் அது நின்றுபோனதே அவர்களுடைய சான்று. அதற்குக் காரணமான பற்றீரியாக்களை 1890 அளவில் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தார். 1960களில் நைத்திராபிரின் போன்ற செயற்கைத் தடுப்பிகள் சந்தைக்கு வந்தன. நைத்திரேற்றாக்கத்தை மந்தப்படுத்தும் வேப்பெண்ணெய்ப் பூச்சை இந்தியா 2015இல் யூரியா முழுவதற்கும் கட்டாயமாக்கியது.

வேர்களே நைத்திரேற்றாக்கத்தைத் தடுக்கக்கூடும் என்ற ஐயம் ஆபிரிக்கப் புல்வெளி ஆய்வுகளில் முன்பே எழுந்திருந்தது. அதை அளந்து உறுதிப்படுத்தியது ஜப்பானின் ஜிர்காஸ் வேளாண் ஆய்வு நிறுவனத்தில் ஜி. வி. சுப்பாராவ் தலைமையிலான குழு. ஒளிரும்படி மாற்றிய நைத்திரோசோமோனாசு பற்றீரியாவை அக்குழு பயன்படுத்தியது. வேர்க்கசிவு அதைத் தடுத்தால் ஒளி மங்கும். 2009இல் கொலம்பியாவின் சியாட் வேளாண் ஆய்வு நிலையத்துடன் சேர்ந்து, பிராக்கியாரியா ஹியூமிடிகோலா என்னும் மேய்ச்சற் புல்லின் வேரில் பிராக்கியாலாக்டோன் என்ற தடுப்புச் சேர்வையை அடையாளங்கண்டது. அப்புல் வளர்ந்த நிலத்தின் நைதரசு ஒட்சைட்டு வெளியீடு, சோயா நிலத்தினதைவிட 90 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது.

இறுங்கின் வேர் சோர்கோலியோன் என்னும் தடுப்பியைச் சுரக்கிறது. நெல்லில் 1,9-டெக்கேன்டயோல் என்னும் தடுப்பி 2016இல் கண்டறியப்பட்டது. கோதுமையில் இவ்வாற்றல் மிகக் குறைவு. ஆகவே லைமஸ் ரசிமோசஸ் என்னும் காட்டுப் புல்லின் குரோமசோமத் துண்டொன்றை மரபணுமாற்றத் தொழினுட்பமின்றி, கலப்பினாலேயே ஆய்வாளர்கள் கோதுமைக்கு மாற்றினர். 'முனால்' என்னும் உயர்விளைச்சல் வகையும் அதைப் பெற்றது. இம்முடிவு 2021இல் வெளியானது. விளைச்சலை விட்டுக்கொடுக்காமல் இவ்வாற்றலைப் பயிருக்கே கொடுத்தமையால் இத்துறையின் மிகப் பெறுமதியான முன்னேற்றம் இதுவே எனலாம்.

2019 ஒக்டோபரில் கொழும்பில் கூடிய நாடுகள், நைதரசன் வீணாவதை 2030இற்குள் பாதியாக்கும் நோக்குடன் கொழும்புப் பிரகடனத்தை ஏற்றன. இரண்டே ஆண்டுகளில், 2021 மே மாதம், இலங்கை இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, விளைச்சல் சரிந்ததும் நவம்பரில் அத்தடையை நீக்கியது. உரத்தை ஒரேயடியாக நிறுத்துவதைவிட, இட்டதை வேரருகே நிறுத்திவைக்கும் வழியே உழவருக்குப் பாதுகாப்பானது.

வேர்கள் எங்கும் எப்போதும் இத்தடுப்பிகளைச் சுரப்பதில்லை. பிராக்கியாரியாவில், அமோனியம் படும் வேர்ப்பகுதியிலேயே கசிவு மிகுதி. எனவே அமோனியமாக மாறும் யூரியாவுக்கு இம்முறை பொருந்தும்; நைத்திரேற்றாகவே இடப்படும் உரத்தை அதனால் காக்க முடியாது.