அச்சத்திற்கு ஒரு வழி: அம்வாஸ் முதல் கோவை பிளேக் வரை

 

1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோயம்புத்தூர் நகரத்தில் வாழ்ந்தோர் 53,080 பேர். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1911இல், அத்தொகை ஏறத்தாழ 47,000 ஆகக் குறைந்திருந்தது. 1888இலேயே முதல் நூற்பாலை தோன்றிவிட்ட ஊர் இது. இரயில் வந்துவிட்டது. பருத்தி வணிகமும் பெருகிக்கொண்டிருந்தது. வளர்ந்திருக்க வேண்டிய ஊர் சுருங்கியதற்கு முதன்மையான காரணம் பிளேக் என்னும் கொள்ளைநோய். ஒரு பகுதியினர் இறந்தனர். வேறு பலர் அஞ்சி ஊரை விட்டு வெளியேறினர்.

அந்நாள்களின் நினைவு இன்று கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்களின் பெயரில் மட்டும் எஞ்சி நிற்கிறது. நம் அண்டை வீட்டார் தம் அச்சத்தைத் தம் வழியில் பதிவு செய்து வைத்தனர். அதே அச்சம் கோட்டைமேட்டின் நெருக்கமான சந்துகளையும் விட்டுவைத்திருக்காது. எலிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மதம் தெரியாது.

நோயின் வரலாற்றை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாம் இங்கே பார்க்க விரும்புவது அச்சத்தின் வரலாற்றை. அச்சம் மனிதனின் உடல்நலத்தைக் காக்கிறதா, கெடுக்கிறதா? இக்கேள்விக்கு நம் மார்க்க வரலாறும், நம் ஊர் வரலாறும், அண்மைக்கால உளவியலும் ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன.

அம்வாஸில் நடந்தது

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 639 வாக்கில், ஜெருசலேமுக்கு அருகிலுள்ள அம்வாஸ் என்ற ஊரில் கொள்ளைநோய் தோன்றி ஷாம் நாடெங்கும் பரவியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் படையினரைக் காண மதீனாவிலிருந்து புறப்பட்டு ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது இச்செய்தி எட்டியது. மேலே செல்வதா, திரும்புவதா? அவர்கள் தனியாக முடிவெடுக்கவில்லை. முதலில் முஹாஜிர்களிடமும், பின்னர் அன்சார்களிடமும், அதன் பின் குறைஷி மூத்தவர்களிடமும் ஆலோசனை கேட்டார்கள். கருத்துகள் வேறுபட்டன. இறுதியில் திரும்பிச் செல்ல முடிவு செய்தார்கள்.

தளபதி அபூஉபைதா (ரலி) அவர்களுக்கு இது இறைவிதியிலிருந்து தப்பி ஓடுவதாகத் தோன்றியது. உமர் (ரலி) அவர்கள் தந்த விளக்கம் நாம் அறிந்ததே. ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்றார்கள். ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியுமாக உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எப்பக்கம் மேய்த்தாலும் அது விதிக்குள்தானே நடக்கிறது என்றும் கேட்டார்கள். அவ்வேளை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, தாம் செவியுற்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள்: கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையக்கூடாது, நாம் இருக்கும் ஊரில் அது தோன்றினால் அஞ்சி வெளியேறவும் கூடாது.

இந்த நபிமொழியைச் சற்று ஆழ்ந்து நோக்குங்கள். அஞ்சாதே என்று மட்டும் சொல்லி அது நின்றுவிடவில்லை. வெளியில் இருப்பவன் என்ன செய்ய வேண்டும், உள்ளே இருப்பவன் என்ன செய்ய வேண்டும் என இருவருக்கும் தெளிவான ஒரு செயலைத் தருகிறது. மனத்தில் எழும் கலக்கத்திற்குக் கால் வைக்க ஓரிடம் காட்டுகிறது.

அபூஉபைதா (ரலி) அவர்களும், முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அக்கொள்ளைநோயிலேயே உயிர் நீத்தனர். பின்னர் பொறுப்பேற்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து செல்லச் செய்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஈமானும் முன்னெச்சரிக்கையும் அங்கே கைகோத்து நின்றன.

வழி அடைபட்ட அச்சம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1896இல் பம்பாயில் பிளேக் கால் வைத்தது. அடுத்த ஆண்டே ஆங்கில அரசு தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. சிப்பாய்கள் வீடுகளுக்குள் புகுந்து நோயாளிகளைத் தேடினர். நோயாளியை முகாமுக்குக் கொண்டு சென்றனர். வீட்டுப் பொருள்களை எரித்தனர். இரயில் நிலையங்களில் ஆண், பெண் என்று பாராமல் உடலைச் சோதித்தனர். சென்னை மாகாணத்தில் நோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோரைக் கண்காணிக்கப் பிளேக் பாஸ்போர்ட் என்ற முறையே இருந்தது.

விளைவு என்ன? மக்கள் நோயைவிட அதிகாரிகளுக்கு அஞ்சினர். நோயாளிகளை மறைத்தனர்; இறந்தவர்களை இரவோடு இரவாக அடக்கம் செய்தனர். புனேயில் பிளேக் அதிகாரி ரேண்ட் 1897இல் சுடப்பட்டார். 1900இல் கான்பூரில் கலவரம் வெடித்தது. அரசிடம் சட்டம் இருந்தது, படை இருந்தது, மருந்தும் ஓரளவு இருந்தது. மக்களின் நம்பிக்கை மட்டும் இல்லை. அச்சத்திற்கு நேரான வழி அடைபட்டால், அது மறைவான வழியைத் தேடிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே பம்பாயில் வேறொரு நிகழ்வும் நடந்தது. டாக்டர் ஹாஃப்கின் என்ற ஆய்வாளர் 1897 ஜனவரியில் பிளேக் தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். மக்கள் அதற்கும் அஞ்சினர். அப்போது இஸ்மாயிலி பிரிவினரின் தலைவராயிருந்த மூன்றாம் ஆகா கான், இருபது வயதே ஆன இளைஞர், தம் மக்களின் கண்ணெதிரே அவ்வூசியைப் போட்டுக்கொண்டார். ஆய்வுக்குத் தம் கட்டடம் ஒன்றையும் அளித்தார். அவரைப் பின்பற்றி ஆயிரக்கணக்கானோர் முன்வந்தனர். கட்டாயத்தால் அசைக்க முடியாத அச்சத்தை, நம்பிக்கைக்குரிய ஒருவர் நீட்டிய கை அசைத்தது.

மக்களின் அச்சம் எப்போதும் அறியாமை என்று சொல்லிவிடவும் கூடாது. 1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில், மாசுபட்ட ஒரு புட்டியிலிருந்து ஊசி போடப்பட்ட 19 பேர் டெட்டனஸ் என்னும் வில்வாத நோயால் இறந்தனர். ஹாஃப்கின் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். தவறு அவருடையதன்று என 1907இல்தான் தெளிவானது. ஐயம் கொண்டவனைப் பழிப்பதால் பயனில்லை. அவனுடைய கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும்.

உளவியல் கண்டறிந்தது

இருபதாம் நூற்றாண்டின் அறிவியல் இவ்வனுபவங்களை அளந்து பார்த்தது. அச்சம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது, இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது, செரிமானம் தளர்கிறது. போரிடவோ தப்பியோடவோ உடல் ஆயத்தமாகிறது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் எழுதினார். சிறிது நேரத்திற்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. போரிடவும் முடியாமல், ஓடவும் முடியாமல் நாள்கணக்கில் அதே நிலை நீடித்தால் அதுவே உடலைத் தேய்க்கிறது.

1965இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹாவர்ட் லெவந்தாலும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர்களுக்கு டெட்டனஸ் நோயின் கொடுமையை விளக்கும் கையேடுகளைக் கொடுத்தனர். சிலருக்குக் கடுமையாக அச்சுறுத்தும் கையேடு, சிலருக்கு மிதமானது. மிகவும் அஞ்சியவர்கள் ஊசி அவசியம் என்று உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் வெறும் அச்சுறுத்தலைப் பெற்றவர்களில் நூற்றுக்கு மூவர் அளவே உண்மையில் சென்று ஊசி போட்டுக்கொண்டனர். மருத்துவ நிலையம் எங்கே உள்ளது என்ற வரைபடத்துடன், எந்த நேரத்தில் செல்வது என்று முன்கூட்டியே திட்டமிடவும் சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 28 பேர் வரை சென்றனர். அச்சத்தின் அளவு கூடியதால் எண்ணிக்கை கூடவில்லை. அதே வேளை, அச்சமே ஊட்டாமல் வழியை மட்டும் காட்டியதும் பலன் தரவில்லை.

ஓரளவு அச்சமும் வேண்டும். அதற்கு ஒரு வழியும் வேண்டும். இப்பாடத்தின் சாயலை ஸர்ஃகில் நடந்த அந்த உரையாடலிலேயே நாம் காண்கிறோம்.

2020இல் நாம் பட்டது

இதெல்லாம் பழங்கதை அல்ல என்பதை 2020 மார்ச் மாத இறுதியில் நாமே உணர்ந்தோம். டெல்லி நிஜாமுத்தீன் மாநாட்டிற்குச் சென்று திரும்பியவர்களிடையே கொரோனா கண்டறியப்பட்டதும், ஒரு நோய்க்கு ஒரு சமுதாயத்தின் பெயர் சூட்டப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு எனக் கொங்கு மண்டலம் எங்கும் நம் மக்களுக்கு இரண்டு அச்சங்கள் இருந்தன. ஒன்று நோய், மற்றொன்று, நோய் வந்தால் தம் குடும்பத்தின்மீதும் ஜமாஅத்தின்மீதும் விழப்போகும் பழி. இரண்டாவது அச்சம்தான் காய்ச்சலை மறைக்கத் தூண்டக்கூடியது. நூறாண்டுகளுக்கு முன் பிளேக் நோயாளியைப் பரணில் ஒளித்து வைத்ததும் இத்தகைய அச்சமே.

ஆயினும், தாமாக முன்வந்து பரிசோதித்துக்கொள்ளுமாறு தமிழக அரசு விடுத்த வேண்டுகோளை ஏற்றுப் பலர் வந்தனர். பள்ளிவாசல்கள் ஜும்ஆவை நிறுத்தின. பின்னர், உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை எல்லா மதத்தவருக்கும் அவரவர் முறைப்படி நம் இளைஞர்கள் அடக்கம் செய்தனர். அவர்களுக்கும் அச்சம் இருந்தது. செய்வதற்கு ஒரு பணி இருந்தது. உடன் நிற்க ஒரு குழுவும் இருந்தது.

இன்று நம் மஹல்லாவில்

இன்றைய நோய்கள் ஊரைக் காலி செய்வதில்லை. ஓசையின்றி வீட்டுக்குள் அமர்ந்திருக்கின்றன. சோதித்தால்தானே தெரியும் என்று சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்காமலே காலம் தள்ளும் அத்தாமார்கள் எத்தனை பேர்! மார்பில் தட்டுப்பட்ட கட்டியை வெட்கத்தால் யாரிடமும் சொல்லாத உம்மாமார்கள் எத்தனை பேர்! தொழில் நொடிந்து, கடன் சுமந்து, உறக்கம் இழந்த ஒருவரிடம் ஈமான் குறைவு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் அதன் பின் வாய் திறப்பதில்லை.

அஞ்சுவது ஈமானின் குறையன்று. ஃபிர்அவ்னிடம் செல்லப் பணிக்கப்பட்டபோது மூஸா (அலை) அவர்கள் தம் அச்சத்தை இறைவனிடமே முறையிட்டதைக் குர்ஆன் மறைக்கவில்லை. அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவும் இல்லை. துணைக்குச் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்கள் தரப்பட்டார்கள். மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் துயரம் கண்பார்வையையே பாதித்ததையும் அதே வேதம் சொல்கிறது. உள்ளத்தின் சுமை உடலில் இறங்கும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று.

ஆகவே நம் ஜமாஅத்கள் செய்யக்கூடியது எளியது. நோயைப் பற்றி அச்சமூட்டும் உரையோடு நிறுத்திவிட வேண்டாம். எந்த நாள், எந்த இடம், யார் உடன் வருவார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். 2021 முதல் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படுகின்றன. அவ்வூழியர் நம் தெருவுக்கு வரும் நாளைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைக்கலாம். மனச்சுமைக்குத் தொலைபேசியிலேயே ஆலோசனை தரும் டெலி மானஸ் எண் 14416ஐ அதன் அருகிலேயே எழுதலாம். தயங்குபவருடன் கோவை அரசு மருத்துவமனை வரை நாமே செல்லலாம். நிர்வாகிகள் முதலில் தம் கையை நீட்டிச் சோதித்துக்கொண்டால், பின்னால் வரிசை தானாக நிற்கும்.

1911இன் கணக்கில் காணாமற்போன அந்த ஆயிரக்கணக்கானோருக்கு அச்சத்தில் குறைவிருக்கவில்லை. அவர்களுக்குக் கிடைக்காதது நம்பத்தக்க வழியும் நம்பத்தக்க துணையும். இன்று நம்மிடம் இரண்டும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். அஞ்சி ஒளிந்திருக்கும் ஒருவரின் கதவை இந்த வாரமே தட்டும் நல்வாய்ப்பை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.