மாளிகைமேட்டு ஓடுகள்: ஒரு கூரையை யார் பார்த்துக்கிறாங்க?

இந்த எபிசோட்ல ராஜா உண்டு, போர் கிடையாது. இன்னைக்குப் பேசப்போறது கூரையைப் பத்தி. அதை வருஷா வருஷம் பழுது பார்க்குற வேலையைப் பத்தி.

அரியலூர் மாவட்டத்துல இருக்குற கங்கைகொண்ட சோழபுரம் கோயிலை நேர்ல பார்க்காதவங்ககூட ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. ராஜேந்திர சோழன் கட்டினது. கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் ஆகியும் விமானம் நிமிர்ந்து நிக்குது. சரி, அதே ராஜா குடியிருந்த அரண்மனை எங்க?

கோயிலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தூரத்துல மாளிகைமேடுன்னு ஒரு இடம். பேர்லயே விலாசம் இருக்கு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-கள்ல இங்க அகழாய்வு பண்ணாங்க, 2021-லிருந்து மறுபடியும் பண்ணாங்க. செங்கல் சுவர்களோட அடிப்பகுதி, மரத்தூண்களைத் தாங்கின கருங்கல் பீடங்கள், சீனப் பானைத் துண்டுகள், இரும்பு ஆணிகள், அப்புறம் நிறைய கூரை ஓடுகள் கிடைச்சுது. வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டுல 'சோழகேரளன் திருமாளிகை'ன்னு வர்ற அரண்மனை இந்த ஊர்லதான் இருந்தது. கடல் தாண்டிப் படை அனுப்பின வம்சத்தோட வீடு இன்னைக்கு முழங்கால் உயரச் சுவரும் உடைஞ்ச ஓடும்தான்.

வெயில் வெடிக்க வைக்கும், மழை உள்ள வரும்

கோயில் கல். அரண்மனை செங்கல், மரம், ஓடு. அந்தக் காலத்துல ராஜாவா இருந்தாலும் மனுஷன் வீட்டுக்கு இதுதான் வழக்கம். மாளிகைமேட்டுல சின்னச் சின்ன தட்டை ஓடுகளைச் சுண்ணாம்புச் சாந்து வச்சு அடுக்கடுக்கா பதிச்சிருக்காங்க. உங்க வீட்டு மொட்டை மாடியில சிவப்பா, சதுரமா தட்டோடு இருக்கா? அதே யோசனைதான். ஒரு அடுக்கோட இணைப்பை அடுத்த அடுக்கு மூடிடும்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பாலைவனம் இல்ல. ஆனா பாலைவனத்துக் கூரைக்கு இல்லாத ஒரு சோதனை இங்க உண்டு. சித்திரை, வைகாசி வெயில்ல கூரை விரியும், ராத்திரி சுருங்கும். இப்படியே நடந்து மயிரிழை மாதிரி விரிசல் விடும். அந்த விரிசல் மேல நேரா ஐப்பசி, கார்த்திகை மழை வந்து இறங்கும். தண்ணி மரத்துக்குப் போகும். ஈர மரத்தைத் தேடிக் கரையான் வரும். உத்திரம் தொய்ஞ்சா ஓடு நழுவும், ஓடு நழுவினா சுவரோட தலை நனையும். ஒரு சின்ன பக் மொத்த சிஸ்டத்தையும் சாய்க்கிற மாதிரி.

அதனால ஓட்டுக் கூரைங்கிறது ஒரு தடவை காசு குடுத்து முடிக்கிற விஷயம் இல்ல. அது சந்தா. வருஷா வருஷம் கட்டணும்.

சோழர்களுக்கு இது நல்லாவே தெரியும். கல்வெட்டுகள்ல 'புதுக்குப்புறம்'னு ஒரு சொல் வருது. கோயிலைப் பழுது பார்க்குறதுக்காகவே எழுதி வச்ச நிலம். அந்த நிலத்து வருமானம்தான் மெயின்டனன்ஸ் பட்ஜெட். ராஜா மாறினாலும் நிலம் விளையும், வேலை நடக்கும். அரண்மனையைப் பார்த்துக்க அரசாங்கம் இருந்தது. 1279 வாக்குல சோழ அரசே முடிஞ்சதும் அந்தக் கூரைக்குச் சந்தா கட்ட ஆள் இல்லாம போச்சு. இது என்னோட வாசிப்பு. கோயிலும் தப்பிச்சிடலைங்கிறதைச் சொல்லியாகணும். 1836-ல கொள்ளிடத்துல கீழணை கட்டினப்போ இந்தக் கோயில் மதில் கல்லை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

நாட்டு ஓடும் சீமை ஓடும்

அரண்மனைக் கூரை போச்சு, ஓடு போகல. இந்தப் பக்கக் கிராமங்கள்ல போன தலைமுறை வரைக்கும் நாட்டு ஓட்டு வீடு சாதாரணம். குயவர் சக்கரத்துல குழாய் மாதிரி வனைஞ்சு, ரெண்டா பிளந்து, காய வச்சு, சூளையில சுடுவார். அரைவட்ட ஓடு. அதைப் பனஞ்சட்டம், மூங்கில் மேல ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கி வேய்வாங்க. அடுக்குகளுக்கு நடுவுல காத்து நிக்கும். அந்தக் காத்துதான் ஏசி.

சிக்கல் என்னன்னா, இந்த ஓட்டுல பூட்டு கிடையாது. தன் எடையில சும்மா உக்காந்திருக்கும். பூனை ஓடினா நகரும், குரங்கு வந்தா கதை முடிஞ்சுது. அதனால மழைக்கு முன்னாடி ஓடு மாத்துறவங்க வருவாங்க. முகட்டுலிருந்து கீழ் நோக்கிப் பிரிப்பாங்க. சருகு, தூசி, அணில் கூடு எல்லாத்தையும் கூட்டித் தள்ளி, உடைஞ்சதைத் தனியா ஒதுக்குவாங்க. உளுத்த மூங்கிலை மாத்துவாங்க. திரும்ப அடுக்குறது தாழ்வாரத்திலிருந்து மேல் நோக்கி. மேல் ஓடு கீழ் ஓட்டைத் தழுவினாத்தானே தண்ணி வழுக்கிட்டு ஓடும்? கடைசியா முகட்டுக்குச் சுண்ணாம்புப் பூச்சு. சட்டம் எங்க போகுதுன்னு தெரிஞ்சு அது மேல கால் வைக்கணும். இல்லன்னா ஆளே வீட்டுக்குள்ள வந்துடுவாரு. இந்த அறிவுக்கு டாகுமென்டேஷன் கிடையாது, கைப்பழக்கம்தான்.

அப்புறம் வந்தது சீமை ஓடு. 1841-ல பிரான்ஸ் நாட்டு அல்சாஸ்ல ஜிலார்டோனி சகோதரர்கள் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கிற ஓட்டுக்கு உரிமை வாங்கினாங்க. 1865-ல பாசல் மிஷன் மங்களூர்ல ஓட்டுத் தொழிற்சாலை தொடங்குச்சு. மங்களூர் ஓடுன்னு நாம சொல்றது இதைத்தான். பின்னாடி இருக்குற கொக்கி ரீப்பர்ல மாட்டிக்கும், சுலபத்துல நகராது. பராமரிப்பு குறைஞ்சுது. பதிலுக்கு ரெண்டு விஷயம் போச்சு. ஒரே அடுக்குங்கிறதால மத்தியானச் சூடு நேரா இறங்கும். ஓடு உடைஞ்சா உள்ளூர்ச் சூளையில வாங்க முடியாது. வேற கம்பெனி ஓடு பெரும்பாலும் சரியா பூட்டாது. வெர்ஷன் மிஸ்மேட்ச், அவ்வளவுதான்.

சிமென்ட் மாவட்டம்

இப்போ கதை அரியலூருக்கே திரும்புது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இந்த நிலம் கடல். அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல் மேலதான் இன்னைக்கு சிமென்ட் ஆலைகள் வரிசையா நிக்குது. பக்கத்து டால்மியாபுரத்துல 1939-லயே சிமென்ட் ஆலை வந்தாச்சு. அரியலூர்ல அரசு ஆலை 1979-ல. தமிழ்நாட்டுக் கூரைகளைக் கான்கிரீட்டா மாத்தினதுல, மாளிகைமேடு இருக்குற இதே மாவட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

2010-ல குடிசைகளைக் கான்கிரீட் வீடா மாத்துற திட்டம் வந்தது. 2024-ல 'கலைஞரின் கனவு இல்லம்'. 2030-க்குள்ள 8 லட்சம் கான்கிரீட் வீடு இலக்கு. இதைக் குறை சொல்ற எண்ணம் எனக்கு இல்ல. ஓட்டு வீடு அழகுன்னு சொல்றது ஈஸி. மழை ராத்திரியில ஒழுகுற இடத்துக்கெல்லாம் பாத்திரம் வச்சுட்டு உக்காந்திருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. பாம்பு பயம், திருட்டு பயம், ஓடு மாத்த ஆள் கூலி, எல்லாத்திலிருந்தும் கான்கிரீட் ஒரு விடுதலை.

ஆனா 'இனிமே பராமரிப்பே வேண்டாம்'னு நம்ம காதுல விழுந்த வாக்குறுதி மட்டும் பொய். கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடிச்சு, ராத்திரி வீட்டுக்குள்ள கக்கும். ஓட்டு வீடு பொழுது சாஞ்சதும் சீக்கிரம் ஆறிடும். விரிசல் வழியா தண்ணி போனா உள்ள இருக்குற கம்பி துருப்பிடிச்சுப் பருத்து, காரையைப் பெயர்த்துத் தள்ளும். 2024-லயே, முன்னாடி அரசுத் திட்டத்துல கட்டின பழைய கிராமத்து வீடுகளைப் பழுது பார்க்கத் தனியா ஒரு திட்டம் போட வேண்டி வந்தது. சந்தா ஒழியல. மாசக் கணக்கு வருஷக் கணக்கா மாறியிருக்கு, பில் லேட்டா வருது, பெருசா வருது.

நாம கட்டினவங்க பேரை மட்டும் ஞாபகம் வச்சுக்கிறோம். சோழர்கள் பழுது பார்க்குறதுக்கான காசையும் கல்லுல வெட்டி வச்சாங்க. ஆயிரம் வருஷம் பழைய அந்தப் பழக்கத்தை நம்ம அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்ல யாராவது ஞாபகப்படுத்தலாம்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டுல அம்மாச்சி, தாத்தா, யாராவது பெரியவங்க இருந்தா, அவங்க ஓட்டு வீட்டுல ஓடு மாத்த யார் வருவாங்க, எப்படி மாத்துவாங்கன்னு கேளுங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க. அந்தக் கைகள் குறைஞ்சுகிட்டே வருது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.