தட்டிவான்

தட்டிவான் (பெ.): யாழ்ப்பாணத்துத் தனியார் பயணிகள் வண்டி. தமிழகக் கரையிலுள்ள கோட்டைப்பட்டினத்துக்குக் கிழக்கே, பாக்கு நீரிணைக்கு அப்பால் வழங்கும் சொல். நாம் வேன் என்பதை ஈழத்தார் வான் என்பர். தட்டி என்றதும் நம் கரையில் கீற்றும் மூங்கிலுமே நினைவுக்கு வரும்; அங்கே அது வண்டியின் பின்னால் சங்கிலியில் தொங்கும் பலகை. இறக்கிவிட்டால் தரைக்கு இணையாக நிற்கும். வாழைக்குலை, தேங்காய், மரக்கறி மூட்டை எல்லாம் அதில் ஏறும். உள்ளே இடமில்லாவிட்டால் ஆளும் ஏறுவார். மரத்தால் கட்டிய கூடு, திறந்த பக்கங்கள். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடியவை பேர்பெற்றவை. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் அரிதானபோது யாழ்ப்பாணக் குடாநாட்டு வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. விளைத்தவரையும் விளைச்சலையும் ஒன்றாகவே சந்தைக்குக் கொண்டுசேர்த்த வண்டி தட்டிவான். நம் அகராதிகளிலும் இச்சொல் இடம்பெற வேண்டும்.