பல மரபு, ஒரு பந்தி

சமயங்கள் பலவாக இருத்தல் உலகறிந்த செய்தி. ஒரே சமயத்தினுள்ளும் வழிபாட்டு முறைகள் பலவாகி, ஒருவர் கோயிலில் மற்றவர் அடியெடுத்து வைக்கத் தயங்குவதும் உண்டு. அத்தகையோர் எவ்வாறு மனம்விட்டுப் பேசத் தலைப்பட்டனர் என்பதைக் கிறித்தவ வரலாற்றில் காணலாம். அதில் நாம் வாழும் பெங்களூருக்கும் பங்குண்டு.

1809இல் ஆங்கிலேயர் இங்குப் படைமுகாம் அமைத்தனர். ‘தண்டு’ என வழங்கிய அப்பகுதிக்குச் சென்னைப் படையோடு தமிழர் பலர் வந்தனர். அவருள் கிறித்தவர்கள் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், மெத்தடிஸ்டு, லண்டன் மிஷன் எனத் தனித்தனியே கூடித் தொழுதனர். மொழி ஒன்று, மன்றாட்டு வெவ்வேறு.

இறைவனைச் சுட்டும் சொல்லிலும் தமிழ்க் கிறித்தவர் வேறுபட்டனர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, கத்தோலிக்கர் வழங்கிய ‘சருவேசுரன்’ என்னும் பெயரை ஏற்றார். பின்வந்த பப்ரிசியுசு ‘பராபரன்’ என்றார். 1871இல் வெளிவந்த பவர் திருத்தம் ‘தேவன்’ என்றது. லுத்தரன் சபையாரோ பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பை எளிதில் விட்டாரல்லர். முன்னோர் சொல்லி அழுத செபத்தின் சொல்லை மாற்ற யாருக்குத்தான் மனம் வரும்?

1910இல் மிஷன்கள் பல கூடிப் பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரியை நிறுவின. தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் ஒரே கூரையின்கீழ்ப் பயின்று, பிறர் வழிபாட்டை அருகிருந்து கண்டனர். அதன் முதல்வராக விளங்கிய டென்மார்க்கு நாட்டு லார்சன், பின்னர்த் தமிழ் விவிலியத்தைத் திருத்தும் பணியில் தலைநின்றார். அத்திருத்தம் ‘கடவுள்’ என்னும் சொல்லை ஆண்டது. மக்கள் அதனை உடனே ஏற்றிலர். ஆயினும், 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து வெளியிட்ட ‘திருவிவிலிய’த்தில் அச்சொல்லே இடம்பெற்றது.

வழிபாட்டிலும் இத்தகைய கொள்ளல் கொடுத்தல் நிகழ்ந்தது. 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அச்சிட்ட முறைப்படி தொழுத ஆங்கிலிக்கரும், உள்ளத்தெழும் செபத்தையே போற்றியோரும் அதில் ஒன்றாயினர். கேரளத்துச் சிரிய மரபினர் அதில் சேரவில்லை. எனினும், கைகளைக் கைகளில் ஏந்திச் சமாதானம் வழங்கும் அவர்தம் பழவழக்கத்தை 1950இல் வகுத்த நற்கருணை முறை ஏற்றுக்கொண்டது. அம்முறை பின்னர் மேலைநாட்டுச் சபைகளின் வழிபாட்டுச் சீர்திருத்தத்திற்கும் வழிகாட்டியது. தம்மோடு சேராதாரிடமிருந்தும் நல்லதைக் கொண்ட பெருந்தன்மை இது.

இம்மாநகரில் கத்தோலிக்கக் கோயில்களின் வழிபாட்டு மொழி பற்றிக் கன்னடரும் தமிழரும் பிணங்கிய காலமும் உண்டு. பிழைக்க வந்த ஊரில் தாய்மொழியில் தொழ விரும்புதல் குற்றமன்று. மண்ணின் மொழியார் தம் மொழிக்கு உரிய இடம் கேட்டலும் குற்றமன்று. தன் சொல்லை இழக்காமலே பிறர் சொல்லைச் செவிமடுக்கலாம் என்பதே மேற்கண்ட வரலாறு தரும் பாடம். அது கிறித்தவர்க்கு மட்டுமன்று. இந்நகரில் வாழும் நம் அனைவர்க்கும் உரியதே.