காட்டுயிர் ஆய்வில் புள்ளியியல் பயிற்சி

கண்ணில் பட்ட உயிர்களை வைத்துக் கண்ணில் படாதவற்றையும் சேர்த்துக் கணிக்கும் முறைகளைக் கற்பதே காட்டுயிர்ப் புள்ளியியல் பயிற்சி. எண்ணிக் கிடைத்த தொகை வேறு, அங்கே உண்மையில் வாழும் தொகை வேறு என்பது இதன் முதல் பாடம்.

இந்தப் பாடத்தை இந்தியா தாமதமாகத்தான் கற்றது. புலிகளைப் பல ஆண்டுகளாகக் காலடித் தடத்தை வைத்தே எண்ணிவந்தார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது 2005-இல் உறுதியான பிறகே முறை மாறியது. தானியங்கிக் கேமராவில் பதிவாகும் உடல்வரிகளைக் கொண்டு புலிகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு கணிக்கும் வழியைக் காட்டுயிர் ஆய்வாளர்கள் உல்லாஸ் கரந்தும் ஜேம்ஸ் நிக்கல்ஸும் 1998-லேயே விரிவாக வெளியிட்டிருந்தார்கள். 2006 கணக்கெடுப்பு 1,411 என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. 1,165 முதல் 1,657 வரை இருக்கலாம் என்று வரம்பையும் தந்தது. வரம்பு இல்லாத எண்ணை நம்பிக் காடுகளைக் காக்க முடியாது.

அடிப்படைக் கணக்கு எளியது. ஒரு குளத்தில் 40 தவளைகளைப் பிடித்து அடையாளமிட்டு விடுவதாகக் கொள்வோம். சில நாள் கழித்துப் பிடித்த 50-இல் 10 அடையாளத்தோடு இருந்தால், ஐந்தில் ஒன்று ஏற்கெனவே சிக்கியது. அப்படியானால் அடையாளமிட்ட 40-உம் மொத்தத்தில் ஐந்தில் ஒன்று. ஆகவே குளத்தில் ஏறக்குறைய 200 தவளைகள். இடையில் தவளைகள் வெளியேறினாலோ, புதியவை வந்து சேர்ந்தாலோ, அடையாளம் அழிந்தாலோ கணக்கு பிசகிவிடும். சூத்திரம் ஒரு மணி நேரத்தில் பிடிபடும். எந்த நிலையில் அது செல்லாது என்று உணர நாளாகும்.

கணக்கு எங்கே பிசகும் என்று கற்கக் கடலூர் மாவட்டத்து நெய்வேலி நல்ல களம். பழுப்பு நிலக்கரிக்காக 1957-இல் அங்கே மண் தோண்டத் தொடங்கினார்கள். மேலே கிடக்கும் மண்ணை ராட்சத இயந்திரங்கள் அள்ள, கன்வேயர் கொண்டுபோய்ச் சேர்க்க, நிலக்கரி எடுத்து முடித்த பள்ளங்கள் நிரம்புகின்றன. அதன்மேல் மரம் நடுகிறார்கள். பறவைகளும் பூச்சிகளும் அங்கே திரும்புகின்றனவா? ஒரு மாணவர் ஒரே மண்மேட்டில் 30 சதுரங்கள் அளந்து, 30 சான்றுகள் கையில் இருப்பதாக நினைக்கலாம். ஆனால் எல்லாமே ஒரே மண், ஒரே வயது, ஒரே நடவு. உண்மையில் அவரிடம் இருப்பது ஒரே சான்று. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் கடுமையாக எச்சரித்த ‘போலி மறுசெய்கை’ இதுவே. வெவ்வேறு ஆண்டுகளில் நட்ட திட்டுகளையும், சுரங்கம் தொடாத முந்திரித் தோப்புகளையும் பக்கத்தில் வைத்தால்தான் ஒப்பீடு பிறக்கும்.

பறவைக் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். எத்தனை பறவை என்பதோடு எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம், எந்த நேரம் என்பதையும் குறிக்க வேண்டும். இப்படிச் சுமார் 30,000 பேர் அனுப்பிய பதிவுகளைக் கொண்டுதான் 2023-இல் இந்தியாவின் 942 பறவை இனங்களின் நிலை மதிப்பிடப்பட்டது.

கருவிக்குச் செலவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். களத்துக்குப் போகும் முன்பே அதில் கற்பனைத் தரவை உருவாக்கிப் பகுத்துப் பார்ப்பது மிகச் சிறந்த பயிற்சி. பத்துத் திட்டுகள் போதுமா, இருபது வேண்டுமா என்பது செருப்பில் மண் ஒட்டுமுன்பே தெரிந்துவிடும்.